நம் கடைக்குள் நானோ

2021-ம் ஆண்டு ஆனி மாதம் எங்கள் மண்டிக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. கையில் பளபளவென்று ஒரு வெண்ணிறப் பை. "அண்ணாச்சி, இது நானோ பை. இதில் பயறைக் கட்டி வைத்தால் ஒரு வருடத்துக்கு வண்டு எட்டிப் பார்க்காது" என்றார். விலை 22 ரூபாய். சாதாரணப் பை அப்போது 9 ரூபாய். நாங்கள் நாற்பது வருடமாகப் பயறு, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறோம். வண்டு என்கிற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிற தொழில் இது. நானோ என்றால் என்ன என்று அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, தெரிந்தவர் போலத் தலையை ஆட்டிவிட்டு 400 பை எடுத்துக்கொண்டோம்.

பாசிப்பயறை 25 கிலோ சிப்பமாக அந்தப் பையில் கட்டி, வாயைச் சணலால் இறுக்கி, சுற்றுவட்டாரக் கடைகளுக்கு அனுப்பினோம். அனுப்பும்போது சும்மா இருந்தோமா? "நானோ பையில் போட்டது, வண்டு வராது, தைரியமாக வாங்கிப் போடுங்கள்" என்று போனில் சொல்லிச் சொல்லி விற்றோம்.

புரட்டாசி பிறந்ததும் முதல் சிப்பம் திரும்பி வந்தது. அவிழ்த்தால் பயறெல்லாம் ஊசித் துளை. கையை விட்டால் மாவு ஒட்டியது, வண்டு ஊர்ந்தது. மொத்தம் 37 சிப்பம் வந்தன. கிலோ 88 ரூபாய் என்று போட்டால் 81,400 ரூபாய். மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளியதில் ஏதோ கொஞ்சம் தேறியது. பை விற்றவரின் போன் அணைந்து கிடந்தது. பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். தயாரித்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, "நானோ" என்ற சொல் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.

பண நஷ்டம் வியாபாரத்தில் வரும், போகும். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தங்கச்சி, கணவர் காலமான பிறகு தனியாளாக நின்று பத்தொன்பது வருடமாக எங்களிடம் சரக்கெடுப்பவர், வெள்ளிக்கிழமை தவறாமல் பாக்கியைத் தீர்ப்பவர், இரண்டு சிப்பத்தையும் வேனில் போட்டுக்கொண்டு நேரில் வந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அவர் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "வண்டு வந்ததுக்கு நான் வரல அண்ணாச்சி. பயறுன்னா வண்டு வரத்தான் செய்யும். வராதுன்னு நீங்க சொன்னதை நம்பி நான் ஊருக்கே சொல்லி வித்துட்டேன். இப்ப எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறாங்க."

அன்று இரவுதான் நானோ என்றால் என்னவென்று தெரிந்துகொண்டே தீருவது என்று முடிவு செய்தோம். எங்கள் தங்கை மகன் கோவையில் வேளாண்மை படித்தவர், மருமகன் முறை. அவரைப் பிடித்து உட்கார வைத்து, பல ஞாயிற்றுக்கிழமைகள் பாடம் கேட்டோம். பள்ளிக்கூடப் படிப்போடு நின்ற எங்களுக்கு விளங்கியதை, நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு விளங்கும்படி இங்கே எழுதுகிறோம்.

நானோ என்பது ஓர் அளவு

முதலில் தெரிய வேண்டியது இதுதான். நானோ என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு மருந்தின் பெயரும் அல்ல. கிலோ, மில்லி என்பதைப் போல அது ஓர் அளவுச் சொல். குள்ளன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாகப் பிரித்தால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் 80 ஆயிரம் நானோமீட்டரிலிருந்து ஒரு லட்சம் வரை இருக்கும். நம் விரல் நகம் ஒவ்வொரு நொடிக்கும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் வளர்ந்துகொண்டிருக்கிறது.

எங்கள் தகப்பனார் பழைய கணக்குப் படித்தவர். காணி என்றால் எண்பதில் ஒன்று, அரைக்காணி நூற்று அறுபதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று, அந்த முந்திரியையே மறுபடி முந்நூற்று இருபதாக வகுத்தால் கீழ்முந்திரி என்று தலைகீழ்ப் பாடமாகச் சொல்வார். ஒரு மீட்டரில் ஒரு கீழ்முந்திரி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ பத்தாயிரம் நானோமீட்டர் வருகிறது! அதற்கும் கீழே பத்தாயிரம் பங்கு இறங்கினால்தான் ஒரு நானோமீட்டர். நம் பெரியவர்கள் அவ்வளவு சின்னக் கணக்கை எதற்கு வைத்திருந்தார்களோ, எங்களுக்கு அன்றைக்கு உதவியது.

பொதுவாக ஒன்றிலிருந்து நூறு நானோமீட்டர் வரையுள்ள பொருள்களை வேண்டுமென்றே உண்டாக்கி உபயோகப்படுத்துவதை நானோ தொழில்நுட்பம் என்கிறார்கள். 1959-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபெயின்மன் என்ற இயற்பியல் அறிஞர், அணுக்களையே ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கலாமே என்று ஒரு சொற்பொழிவில் பேசினார். 1974-ல் ஜப்பானியர் நோரியோ தனிகுச்சி அந்தப் பெயரை வைத்தார். 1981-ல் ஸ்விட்சர்லாந்தில் அணுவைத் தனித்தனியாகப் பார்க்கும் கருவி ஒன்று உருவானது. அதைச் செய்த இருவருக்கு 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1989-ல் 35 அணுக்களை நகர்த்தி வைத்து ஒரு கம்பெனியின் பெயரையே எழுதிக் காட்டினார்கள். இந்தச் சரித்திரம் நமக்கு இவ்வளவு போதும்.

சிறிதாக்கினால் என்ன மாறும்?

இதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, தினமும் கையாளுகிறோம். முழு மிளகு வருடக்கணக்கில் கிடக்கும், பொடித்த மிளகு சில மாதத்தில் மணம் விட்டுவிடும். முழு வற்றல் நிறம் காக்கும், தூள் சீக்கிரம் வெளுக்கும். கற்கண்டு வாயில் கிடந்து கரையும், பொடித்த சர்க்கரை பட்டதும் கரையும். பொருள் ஒன்றுதான். பொடிக்கப் பொடிக்க அதன் மேற்பரப்பு கூடுகிறது. காற்றும் ஈரமும் வெளிச்சமும் வந்து தொடுவதற்கு இடம் கூடுகிறது.

மருமகன் ஒரு கணக்குச் சொன்னார், நாங்கள் நம்பாமல் தாளில் போட்டுச் சரிபார்த்தோம். ஒரு சென்டிமீட்டர் நீள அகல உயரம் உள்ள ஒரு கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆறு பக்கமும் சேர்த்து ஆறு சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை ஒரு நானோமீட்டர் துண்டுகளாக வெட்டிவிட்டால் எல்லாத் துண்டுகளின் பக்கங்களும் சேர்ந்து 6,000 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். விரல் நுனியில் நிற்கும் ஒரு கட்டி, எடை கூடாமல், ஒன்றரை ஏக்கர் பரப்பாகிவிடுகிறது. அதனால்தான் துளி வெள்ளி ஒரு குடம் தண்ணீருக்கு வேலை செய்கிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு, அது நம் அனுபவத்தில் இல்லாதது. அந்த அளவுக்கு இறங்கும்போது பொருளின் குணமே மாறிவிடுகிறது. தங்கம் மஞ்சள் என்பது நமக்குத் தெரிந்தது. பத்து, இருபது நானோமீட்டர் துகளாகத் தண்ணீரில் மிதக்கும் தங்கம் மாதுளைச் சிவப்பாக இருக்கும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒரே பொருளின் துகள் அளவை மாற்றி வேறு வேறு நிறம் வரச் செய்யும் கண்டுபிடிப்புக்கு 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்கள் இப்போது விற்கும் விலை உயர்ந்த டி.வி.க்கள் சிலவற்றில் நிறம் பளிச்சென்று தெரிவது அதனால்தான்.

நானோ என்றதும் ஏதோ நேற்று முளைத்தது என்றும் நினைக்க வேண்டாம். விளக்குப் புகையைப் பிடித்துக் கண்மை கூட்டினார்களே நம் பாட்டிமார்கள், அந்தக் கரித்துகள் நானோ அளவுதான். பாலில் மிதக்கும் புரத உருண்டைகளில் பெரும்பாலானவை சில நூறு நானோமீட்டருக்குள் அடங்கியவை. பால் வெள்ளையாகத் தெரிவதில் அவற்றுக்கும் பங்குண்டு. கீழடியில் கிடைத்த கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குரிய பானை ஓடுகளின் உட்பூச்சில் கரிமத்தால் ஆன நானோ குழாய்கள் இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். குயவர் நானோ என்று நினைத்துச் செய்திருக்க மாட்டார், சூளை நெருப்பு செய்திருக்கும்.

நம் சரக்கில் எங்கே இருக்கிறது?

கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டிலிருந்து தொடங்குவோம். உள்பக்கம் வெள்ளிபோல மின்னுகிறதே, அதை அலுமினியத் தகடு என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். தகடு இல்லை. காற்றில்லாத ஓர் அறைக்குள் அலுமினியத்தைக் காய்ச்சி ஆவியாக்கி, வேகமாக ஓடும் பிளாஸ்டிக் சுருளின் மேல் அந்த ஆவியைப் படிய வைக்கிறார்கள். படிந்த உலோகத்தின் கனம் சில பத்து நானோமீட்டர்தான். வீட்டில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லியது. காலியான பாக்கெட்டை விரித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், அந்தப் பக்கம் வெளிச்சம் மங்கலாகத் தெரியும். சமையல் தாளில் தெரியாது. இவ்வளவு மெல்லிய பூச்சுதான் ஈரத்தையும் காற்றையும் வெளிச்சத்தையும் தடுத்து, எண்ணெய்ப் பண்டம் சிக்குப் பிடிக்காமல் மாதக்கணக்கில் காக்கிறது. பாக்கெட்டைக் கசக்கி அடுக்கினால் பூச்சில் கீறல் விழும். சிப்ஸ் சரத்தை ஆணியில் இழுத்துத் தொங்கவிடும் நம் பையன்களுக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது.

அடுத்தது தண்ணீர் வடிகட்டி. 2003 ஆகஸ்டில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பன்னிரண்டு குளிர்பானங்களில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக அறிவித்ததும் கடைகளில் விற்பனை படுத்ததும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தண்ணீரில் உள்ள பூச்சிமருந்தை எப்படி நீக்குவது என்ற கேள்விக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பும் அவர் மாணவர்களும் விடை கண்டிருந்தார்கள். வெள்ளி நானோ துகளின் மேல் அந்த மருந்துகள் சிதைந்து ஒட்டிக்கொள்கின்றன. 2007-ல் அது வீட்டு வடிகட்டியாகவே சந்தைக்கு வந்தது. பின்னர் தண்ணீரில் உள்ள ஆர்செனிக் நஞ்சை நீக்கும் முறையையும் அவர்கள் உருவாக்கினார்கள். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2009 டிசம்பரில் டாடா கம்பெனி 'ஸ்வச்' என்ற வடிகட்டியைக் கொண்டுவந்தது. நெல் உமிச் சாம்பலில் வெள்ளி நானோ துகளைப் பூசி, மின்சாரம் இல்லாமல், 749 ரூபாயிலிருந்து விற்றார்கள். உமியை ஆலைக்காரர் அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று கிடந்த காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். அந்தச் சாம்பல் தண்ணீர் சுத்தம் செய்கிறது என்றபோது எங்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மசாலாத் தூள், சூப் தூள் பாக்கெட்டின் பின்பக்கம் 551 என்று ஓர் எண் இருக்கும். தூள் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் சிலிக்கா அது. அதன் ஆதித் துகள்கள் நானோ அளவிலானவை. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகத்தான் கிடக்கும். பாக்கெட்டில் நானோ என்று யாரும் போடுவதில்லை. உண்மையில் நானோ இருக்கும் இடத்தில் பல சமயம் அந்தச் சொல் இருக்காது. சொல் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் நாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்.

பழ வியாபாரிகளுக்கு ஒரு செய்தி. மாம்பழம் பழுத்துக் குழைவதைத் தள்ளிப்போடும் ஹெக்ஸனால் என்ற பொருளைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், கனடாவில் உள்ள குயெல்ஃப் பல்கலைக்கழகத்தோடும் இலங்கைத் தொழில்நுட்ப நிறுவனத்தோடும் சேர்ந்து பரிசோதித்திருக்கிறார்கள். அந்தப் பொருள் செடிகொடிகளில் இயற்கையாகவே உண்டாவது. நேராக வைத்தால் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் நானோ அளவில் அடைத்து மெல்ல மெல்ல வெளிவரும்படி செய்கிறார்கள். மாம்பழ லோடு பாதி வழியில் கனிந்து, இறங்கும்போது கால் பங்கு கழிவாகப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பாட்டில் யூரியா

உரக்கடை வைத்திருக்கும் அன்பர்கள் இதைப் பற்றி எழுதாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். 2021-ல் இஃப்கோ கூட்டுறவு நிறுவனம் நானோ யூரியாவைக் கொண்டுவந்தது. அரை லிட்டர் பாட்டில் 240 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஒரு பாட்டில் ஈடு என்றார்கள்.

நாம் தராசு பிடிப்பவர்கள், எடையில் பார்ப்போம். யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46. 45 கிலோ மூட்டையில் 20 கிலோ 700 கிராம். முதலில் வந்த பாட்டிலில் தழைச்சத்து நூற்றுக்கு 4. அரை லிட்டரில் 20 கிராம். இருபது கிலோவுக்கு இருபது கிராம் எப்படி ஈடாகும் என்று விஞ்ஞானிகளே கேட்டார்கள். மண்ணில் போடும் யூரியாவில் பெரும்பங்கு காற்றிலும் நீரிலும் வீணாகிறது, இலையில் தெளிக்கும் நானோ துகள் நேராக உள்ளே போய்ச் சேர்கிறது, பல மாநிலங்களில் வயலில் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறோம் என்பது நிறுவனத்தின் பதில். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தார் இரண்டு வருடம் பயிர் செய்து பார்த்து, யூரியாவைக் குறைத்து நானோ யூரியா தெளித்ததில் கோதுமையும் நெல்லும் விளைச்சல் குறைந்ததாகச் சொல்லிவிட்டார்கள். பிறகு சத்தைக் கூட்டி வேறு பாட்டிலும் வந்தது. விவாதம் ஓயவில்லை.

எங்களுக்குத் தோன்றுவது இது. இலையில் தெளிக்கும் உரத்துக்குப் பயன் இருக்கலாம். ஆனால் விவசாயி கடை வாசலில் நின்று, "மூட்டை வேண்டாமா, இது மட்டும் போதுமா?" என்று கேட்டால், போதும் என்று நம் வாயால் சொல்லக்கூடாது. பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டலாம், வேளாண் அலுவலரைக் கேட்கச் சொல்லலாம். விளைச்சல் குறைந்தால் அவர் இஃப்கோவைத் தேடிப் போகமாட்டார், நம் கடைக்குத்தான் வருவார்.

ஜெர்மனியில் நடந்தது

2006 மார்ச் மாதக் கடைசியில் ஜெர்மனியில் நடந்த ஒரு சம்பவத்தை மருமகன் சொன்னபோது எங்கள் பை ஞாபகம்தான் வந்தது. கண்ணாடி, குளியலறை ஓடுகளில் அழுக்குப் படியாமல் இருக்க அடிக்கும் ஒரு ஸ்பிரே மலிவு விலைக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. பெயர் 'மேஜிக் நானோ'. வந்த சில நாட்களிலேயே அதை அடித்தவர்களுக்கு மூச்சுத் திணறல், இருமல். நூறு பேர் அளவில் புகார் செய்தார்கள். சிலரை நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. சரக்கு முழுவதையும் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். உலகம் முழுவதும் பத்திரிகைகள் நானோ ஆபத்து என்று எழுதின.

பிறகு ஜெர்மன் அரசின் ஆபத்து மதிப்பீட்டு நிறுவனத்தார் அந்த டப்பாவில் இருப்பதை ஆராய்ந்து பார்த்துச் சொன்ன முடிவு என்ன தெரியுமா? அதில் நானோ துகளே இல்லை! கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகும் என்பதற்காகப் பெயரில் சேர்த்த சொல் அது. உள்ளே இல்லாத ஒன்றின் பெயரைச் சொல்லி விற்றார்கள், உள்ளே இல்லாத ஒன்றின் பெயரிலேயே பயமும் பரவியது. நடுவில் அலமாரியில் அடுக்கி விற்ற கடைக்காரர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

இதனால் உண்மையான நானோ துகளில் கவலைப்பட ஒன்றும் இல்லை என்று ஆகாது. மிட்டாய், சூயிங்கம் முதலியவற்றுக்கு வெள்ளை நிறம் கொடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு தூளில் ஒரு பங்கு நானோ அளவில் இருக்கிறது. மரபணுவுக்குக் கெடுதல் செய்யாது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் கூறியது. பிரான்ஸ் 2020-லேயே நிறுத்திவிட்டது. 2022 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பிய யூனியன் முழுவதும் உணவில் அதற்குத் தடை. அமெரிக்கா தடை செய்யவில்லை. ஐரோப்பாவில் உணவுப் பொருளில் வேண்டுமென்று நானோ அளவில் செய்த பொருள் சேர்த்தால் சேர்மானப் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நானோ என்று போட்டாக வேண்டும். நம் நாட்டில் நானோ வேளாண் இடுபொருள்களையும் உணவுப் பொருள்களையும் எப்படி மதிப்பிட வேண்டும் என்று 2020-ல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. அங்கே போவதற்கு முன் அப்பளம், மசாலா ஏற்றுமதி செய்யும் அன்பர்கள் தங்கள் சேர்மானப் பட்டியலை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

நம் வாய் வார்த்தைக்கும் சட்டம் உண்டு

எங்கள் ஆடிட்டர் இரண்டு சட்டங்களைக் காட்டினார். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 86-வது பிரிவு. தயாரித்தவர் கொடுத்த உத்தரவாதத்துக்கு மேலே விற்பவர் தானாக ஓர் உத்தரவாதம் கொடுத்து, பொருள் அப்படி இல்லாமல் போய் அதனால் பாதிப்பு வந்தால் விற்பவர் பொறுப்பு. தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டாலும் விற்பவர் பொறுப்பு. அடுத்து 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். யாரிடமிருந்து வாங்கினோம் என்று காட்ட முடியாத உணவுப் பொருளுக்கு விற்பவரே பொறுப்பு. உணவைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கடை வாசலில் சாக்பீசால் எழுதி வைக்கும் பலகையும் விளம்பரம்தான்.

"நானோ பையில் போட்டது, வண்டு வராது" என்று நாங்கள் போனில் சொன்னதை இந்தப் பிரிவுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தண்ணீர் குடிக்கத் தோன்றியது.

பையின் கதை

எங்கள் பையை மருமகன் தெரிந்த இடத்தில் கொடுத்துப் பார்த்தார். சாதாரண பாலிதீன் பை, கொஞ்சம் தடிமன் கூட, மேலே வெள்ளை மை. அவ்வளவுதான்.

"பை உண்மையிலேயே நானோ பையாக இருந்திருந்தாலும் மாமா, நீங்கள் கட்டியது சணலில்" என்றார். அப்புறம்தான் விளக்கினார். பயறு வண்டு வெளியிலிருந்து வந்து பையைத் துளைத்துத்தான் நுழைய வேண்டும் என்பதில்லை. வயலில் நெற்று காயும்போதே தாய் வண்டு முட்டையிட்டுவிடும். புழு பயறுக்குள்ளேயே இருந்து வளரும். நாம் மூட்டை கட்டும்போது அதையும் சேர்த்தே கட்டுகிறோம். அதை அடக்க நன்றாகக் காயப்போட வேண்டும், அல்லது காற்றே புகாதபடி பையை அடைக்க வேண்டும். உள்ளிருக்கும் பிராணவாயுவைப் பயறும் புழுவும் தீர்த்துவிட்டால் புழு வளராது. காற்றுப் புகாத பல அடுக்குப் பைகள் அந்த முறையில் வேலை செய்கின்றன. அதில் நானோவும் இல்லை, மந்திரமும் இல்லை. வாயை இறுக அடைத்தால்தான் பலன். நாற்பது வருடம் பயறு விற்றும் வண்டு எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்டதில்லை.

இப்போது பயறைக் களத்துக் காய்ச்சலை நம்பாமல் மறுபடி ஒரு வெயில் காய வைத்து, காற்றுப் புகாத பையில் அடைத்து அனுப்புகிறோம். வண்டு வராது என்று யாரிடமும் சொல்வதில்லை. "நன்றாகக் காய்ந்தது, இந்தத் தேதியில் கட்டினது, பிரித்தால் சீக்கிரம் விற்றுவிடுங்கள்" என்று மட்டும் சொல்கிறோம். சாத்தூர்ப் பக்கத்துத் தங்கச்சி ஆறு மாதம் வேறு மண்டிக்குப் போனவர், 2022 சித்திரையில் திரும்ப வந்தார். பழைய பேச்சை எடுக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு சிப்பத்தையும் எங்கள் முன்னாலேயே பிரித்து, கையை முழங்கை வரை விட்டு அளைந்து பார்த்துவிட்டுத்தான் வேனில் ஏற்றச் சொல்கிறார். நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. பிரித்த பையை மறுபடி அடைத்துக் கொடுக்க ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

சென்ற மாதம் இன்னொரு பிரதிநிதி வந்தார். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் காய்கறி ஒரு மாதம் வாடாதாம், நானோ வில்லை. உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்து, மூன்று கேள்வி கேட்டோம். எந்தப் பொருள் நானோ அளவில் இருக்கிறது? அந்த அளவில் இருப்பதால் அது காய்கறியை என்ன செய்கிறது? எங்கே பரிசோதித்தீர்கள், தாள் இருக்கிறதா? தயாரிப்பாளர் முகவரியோடு ஜி.எஸ்.டி. பில் கிடைக்குமா என்பதையும் கடைசியில் சேர்த்துக்கொண்டோம். அவர் விளம்பரத் தாளை ஒருமுறை தாமே படித்துப் பார்த்தார். "கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் சார்" என்று பைக்குள் வைத்துக்கொண்டார். காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார். இதை எழுதும் வரை வரவில்லை.

மீதமிருந்த நானோ பைகள் பரணில் கிடக்கின்றன. மழைக்காலத்தில் உப்பு மூட்டைக்குக் கீழே விரிக்க உதவுகின்றன.